எதிர்க்கரை அக்காவுக்கு நான் சொன்ன நன்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். நீயும் அந்த இருமல் நீங்கலாக நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். உன் அண்ணனின் சின்னதுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, ஆனாலும் என்னைப் போலவே பேச்சை நிறுத்தவில்லை, பாதி காற்றாக வருகிறது. மாடிவீட்டுக்காரர் மறுபடியும் மீசைக்கு மை அடித்துக்கொண்டார், இந்த முறை காதுவரை. ஊர்வம்பு போதும் என்று நீ சலித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. விஷயத்துக்கு வருகிறேன், ஆனால் கோபத்தோடுதான் வருகிறேன், உன்மேலும் கொஞ்சம்.

போன ஆண்டு நான் வேலை பார்க்கும் சிப்பிப் பண்ணையில் மூன்று தொட்டிச் சிப்பிக் குஞ்சுகள் ஒரே வாரத்தில் செத்தது உனக்குத் தெரியும். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஜீவன், பிறந்த இரண்டு நாளில் ஓடு கட்டியாக வேண்டும், உலகத்துப் புகையையெல்லாம் குடித்துக் கடல் அமிலமேறிப் புளித்துப்போனால் அது எதை வைத்துக் கட்டும். அந்தப் புளித்த தண்ணீர் ஆழத்திலிருந்து கிளம்பி முதலில் எதிர்க்கரையில் இருக்கிற அயல்நாட்டுக்குப் போகிறது, இரண்டு நாள் கழித்துத்தான் நம் குழாய்க்கு வருகிறது. அளக்கிற மிதவை அவர்களிடம் இருக்கிறது, தடுக்கிற வால்வு நம்மிடம் இருக்கிறது. அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் வால்வை மூடிவிட்டு, சேமித்த தண்ணீரில் குஞ்சுகளைக் காப்பாற்றிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒப்பந்தம் வேண்டுமாம். பதினோரு நாடு ஒன்பது வருஷமாக உட்கார்ந்து, நடுவில் கிடக்கிற கடலுக்கு யார் வைத்த பெயரை முதலில் எழுதுவது என்று மூன்று கூட்டம் சண்டை போட்டு, நாலாவதை ஒத்திவைத்த கதையை எனக்குச் சொன்னதே நீதான். அந்தக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் போடுகிறவளைப் பெற்றவன் என்று பண்ணை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எதிர்க்கரையில் மிதவையைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைவிட நாலு வயது மூத்த பெண்மணி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் பயிற்சியாளரின் சட்டையைப் பற்றி வம்பு பேசியதில் வளர்ந்த பழக்கம். போன மாதம் அவராகவே போன் செய்து, வியாழக்கிழமை வருது தம்பி, மூடிடுங்க என்றார். மூடினேன், ஒரு தொட்டிகூடப் போகவில்லை. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மாத அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு, நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எல்லாரும் வானிலை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோம். எனக்கு நன்றி பொங்கிவிட்டது. எதிர்க்கரை அக்கா உரிய நேரத்தில் தொலைபேசியில் தெரிவித்த பேருதவியால் என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டேன். அறிக்கை மேலே போனது, மேலிருந்து கடலைத் தாண்டியது. ஒன்பது வருஷமாக ஒரு தகவலும் தாண்டாத கடலை இது மட்டும் நாலே நாளில் தாண்டிவிட்டது பார். அனுமதி இல்லாமல் அயல்நாட்டுக்கு அளவைச் சொன்னது ஏன் என்று அக்காவுக்கு ஓலை வந்திருக்கிறது, வேலையே போகலாமாம். இதையும் அவருடைய சக ஊழியர் சொல்லித்தான் தெரியும். மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கல்யாணமான மறுநாளே எனக்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்த உன் அம்மா, உன் இருமலைப் பற்றி எழுதச் சொன்னதைத் தவிர, மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, தட்டு மட்டும் சத்தமாகப் பேசுகிறது.

உன்னிடம் நான் சிபாரிசு கேட்கவில்லை. பெயர்ச் சண்டையைக் கடைசிக்குத் தள்ளி, அளவைச் சொல்கிற பகுதியை நிரலில் முதலில் வைக்க உன் மேசைக்கு உரிமை இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொன்னாய். வைத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் சொன்னாய். சுளிக்கட்டுமே, அக்காவுக்கு வேலையே போகிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்தக் கடல் புளிப்பதை நிறுத்தப்போவதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அக்கா செய்தது அவருடைய வேலை, போடாததால் குற்றம். இதை யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்ப மாட்டாய், உண்மை.

இன்று காலை பம்ப் அறையில் நிற்கும்போது அக்காவிடமிருந்து செய்தி. “நாளை மறுநாள் வருது. மூடிடுங்க தம்பி.” ஓலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். வால்வை மூடிவிட்டு வந்து இந்த மாத அறிக்கையை முடித்தேன். காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வானிலை என்று எழுதினேன். அடிக்கோடு போடவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும், முதலில் அந்த இருமலுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிரலை மறக்காதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, என் வாயை நம்பாதே.

அன்புடன் ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா
(ஓட்டைவாய், தற்சமயம் அடைத்து வைக்கப்பட்டுள்ளது)