மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்

பிப்ரவரி 3, 2009
காலையில் தண்ணீர் வரவில்லை. கேட்கலாம் என்று படியிறங்கினால், வாசல் கதவில் வீட்டுச் சொந்தக்காரரின் அறிவிப்பு. கட்டடம் பழுதடைந்துவிட்டதாம், ஆறு மாதத்தில் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். பழுதா? தொண்ணூற்றிரண்டு நிலநடுக்கத்தில் எங்கள் தாஹிர் பேட்டை முழுக்க ஆடியது. இந்த வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

மாலை, கீழ்த்தள மருந்துக்கடையில் கூடினோம். கடைக்காரர் டாக்டர் ஃபாயெக் ஒரு வழி வைத்திருந்தார். பழங்கட்டடக் குழு பட்டியலில் சேர்த்துவிட்டால் இடிக்க முடியாது. அதற்கு வீட்டின் வரலாறு வேண்டும். டீச்சர் என்பதால் எல்லோருக்கும் நான் 'அப்லா'; என் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்குடுத்தீங்க அப்லா. எங்க புள்ளைங்கள எல்லாம் பெஞ்சுமேல ஏத்துனீங்க. இந்த வீட்டையும் கொஞ்சம் நிமித்தி நிக்க வைங்க."

பிப்ரவரி 7
கதவு கதவாகப் போய்க் கேட்டு எழுதுகிறேன். கட்டியது 1927. முதல் மாடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் யூதர் மூசாவின் குடும்பம். ஐம்பத்தாறில் இரண்டு பெட்டியோடு நாட்டை விட்டுப் போனார்கள். பிறகு ஒரு ராணுவ அதிகாரி. பிறகு கோழி வியாபாரி, படியெல்லாம் இறகு. இரண்டாம் மாடி எப்போதுமே ஃபாயெக் குடும்பம். மூன்றாம் மாடியில் 1936 முதல் 1963 வரை ஆர்மீனியத் தையற்காரி அரக்ஸி, ஒரே மகள் சிர்வார்த்தோடு. உதட்டில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுவார். என் பள்ளிச் சீருடை, கல்யாண உடை எல்லாம் அவர் தைத்ததுதான். நான்காம் மாடி நாங்கள். இப்போது நான் மட்டும்.

பிப்ரவரி 11
குழுவை அசைக்கும் அளவுக்குப் பிரபலமானவர் ஒருவரும் இல்லை.

பிப்ரவரி 12
"ஒரு மந்திரிகூடவா இல்ல?" என்றார் ஃபாயெக். "மந்திரியோட மச்சான்?"

"கோழிக்காரர் இருக்கார்."

அவர் சிரிக்கவில்லை. "பாடகி லவாஹிஸ் இங்க வந்திருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அரக்ஸிகிட்ட அளவு குடுக்க வந்தாங்க. எனக்கு எட்டு வயசு. ஒரே ஒரு தடவ படியில பாத்தேன். வந்தாங்க, குடியிருக்கல."

"வர்றதுக்கும் இருக்கறதுக்கும் எவ்வளவு தூரம் அப்லா? மூணு மாடிதானே!"

ஆதாரமில்லாமல் எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22
ஃபாயெக்கின் மனைவி சமீஹாவை இன்றும் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலேயே இருப்பதால் நடக்கிறது. மகன் பாலைவனத்தைத் தாண்டிப் புதுநகரத்தில் வீடு பார்த்திருக்கிறான். அங்கிருந்து வருவதென்றால்?

முகம் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

பிப்ரவரி 23
எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "மூன்றாம் மாடி, 1944–1952: பாடகி லவாஹிஸ்."

ஜூன் 30
பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வாசலில் லவாஹிஸ் பெயரோடு பித்தளைப் பலகை. ஃபாயெக் தெருவுக்கே பஸ்பூசா வாங்கிக் கொடுத்தார். என் பங்கு இனிப்பைத் திறக்காமலே மேசையில் வைத்தேன்.

செப்டம்பர் 9
பலகைக்கு முன் நின்று படம் எடுக்கிறார்கள். லவாஹிஸுக்குத் தன் கையாலேயே தொண்டை மாத்திரை கொடுத்ததாக ஃபாயெக் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டில் அவருக்கு ஆறு வயது.

அக்டோபர் 17
அரக்ஸியின் மகள் சிர்வார்த் வந்தாள். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு, கனடாவிலிருந்து. பலகையின்முன் வெகுநேரம் நின்றிருக்கிறாள். மேலே வந்து, உட்காராமலே, சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பெயரிலேயே கேட்டாள்:

"நாப்பத்திநாலுலேர்ந்து அம்பத்திரண்டு வரைக்கும் பாடகி இருந்தாங்களாம். அப்ப நாங்க எங்கடி இருந்தோம், இப்தி?"

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும், என் கையெழுத்து உட்பட. அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அம்மா தச்ச உடுப்புல அம்மா பேரு இருக்காது. போட்டவங்க பேருதான். வீட்டுலயுமா?"

டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அக்டோபர் 20
குழுவுக்கு உண்மையை எழுத வேண்டும். ஆனால் போகப்போவது என் வீடு மட்டும் இல்லையே. சமீஹாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு எதுவுமே தெரியாது! உண்மையிலேயே பாடகி இருந்ததாக நம்பியிருந்தாள்.

"எனக்காகவா பொய் சொன்னீங்க ரெண்டு பேரும்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்னைத் தூக்கறதுக்குத்தான் நாலு பேரு வேணும் அப்லா. யோசிக்கறதுக்கு நானே போதும்."

பிறகு, "எழுதுங்க," என்றாள்.

அக்டோபர் 21
கடிதத்தோடு, கதவு கதவாகக் கேட்டெழுதிய முழுப் பட்டியலையும் இணைத்தேன். கோழிக்காரர் உட்பட. நானே தபாலில் சேர்த்தேன்.

நவம்பர் 5
ஃபாயெக் பேசுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு இப்போது வேறு கடைக்கு நடக்கிறேன்.

ஜனவரி 14, 2010
குழுவின் பதில் வந்தது. பொய்த் தகவலுக்காக எனக்கு எழுத்தில் கண்டனம். பலகை அகற்றப்படும். கட்டடத்தை மறுபடி ஆராய ஓராண்டு. அதுவரை யாரும் இடிக்கக் கூடாது. அதன்பின்? தெரியாது.

ஜனவரி 19
இன்று ஆட்கள் வந்து பலகையைக் கழற்றினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஃபாயெக். அவர்கள் போன பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே:

"அந்தத் தையக்காரம்மா பேரை எப்படி எழுதணும், அப்லா?"

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன்: அரக்ஸி. தையற்காரி. 1936–1963.