சத்தத்தைக் கூட்டும் சைலன்சர்

அனுப்புநர்:
உ. பெனாசிர் (வயது 27),
த/பெ. உமர் பாருக்,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தேனி.

பொருள்: தேர்தலுக்காக ஒப்படைத்த என் போட்டித் துப்பாக்கியைச் சைலன்சர் பொருத்தியது என்று தவறாகக் கருதித் திருப்பித் தர மறுப்பது – ஜூன் 20-க்குள் பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் துப்பாக்கி சுடும் வீராங்கனை. உரிமம் என் பெயரில் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குமுளி மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து வலது காறை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பது நேராக அந்தத் தகட்டில்தான் விழும். அதனால் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் அனுமதியோடு குழல் முனையில் மசில் பிரேக் என்னும் சிறு இரும்புத் துண்டை மாட்டினேன். பக்கத் துளைகள் வழியே புகையைப் பிரித்து விடுவதால் உதை குறைகிறது, முனையும் துள்ளாது. நான் போட்டியிடும் பிரிவில் இதற்கு அனுமதி உண்டு. சங்கக் கடிதமும் ரசீதும் இணைத்துள்ளேன்.

2. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைப்பதிலிருந்து விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு என்று நான் சொல்லியும், என் அத்தா (தந்தை), போலீஸ் என்றாலே பயப்படுபவர், மார்ச் மாதமே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். யாரும் கேட்காமலேயே முனையைக் காட்டி, "இத மாட்டின பெறகு ரொம்பச் சாதுவா ஆயிருச்சு சார்" என்றும் சொல்லியிருக்கிறார். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அப்ப சத்தம் வராதுல்ல?" என்று கேட்ட எழுத்தர் பதிவேட்டில் சைலன்சர் என்று எழுதிவிட்டார்.

3. தேர்தல் முடிவு வந்து எல்லோருடைய துப்பாக்கியும் திரும்பிவிட்டது. என்னுடையது மட்டும் ஆய்வகத்துக்குப் போகுமாம், ஆறு மாதம் ஆகுமாம். காவல் நிலையத்துக்கு நான்கு முறை நடந்துவிட்டேன். அத்தா வாய் திறந்ததற்காகத் தினமும் தன்னையே திட்டிக்கொள்கிறார், சோறு இறங்கவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அது போய்விடுகிறது.

4. ஜூன் 20 அன்று மாநிலத் தேர்வுப் போட்டி. நான் விண்ணப்பித்துள்ள விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் எனக்கு வேறு போட்டி இல்லை, ஐயா.

5. சென்ற வாரம் இந்தத் துண்டு இல்லாத வேறொரு துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவுக்குள் விழும் என் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. ஐந்தாவது குண்டுக்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை.

6. சைலன்சர் வைத்திருப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் துண்டு சத்தத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. என்னோடு பயிற்சி செய்யும் ஆண்டிபட்டி அனுசுயா, "நீ சுட்டா பக்கத்துல நிக்கிறவுக காதப் பொத்திக்கிட்டு ஓடுறாக" என்று இரண்டு இடம் தள்ளிப் போய்விட்டாள். அவள் கடிதமும் இணைப்பில் உள்ளது.

ஆகவே, தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில், சுடுதளத்தில், அந்தத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டுக்காட்ட 20-ஆம் தேதிக்குள் அனுமதி தருமாறு கெஞ்சிக் கேட்கிறேன். எழுதிய எழுத்தரே வந்து பக்கத்தில் நிற்கட்டும். அவர் காதைப் பொத்தாமல் நின்றுவிட்டால், துப்பாக்கியோடு என் உரிமத்தையும் அங்கேயே ஒப்படைத்துவிடுகிறேன். பொத்தினால், துப்பாக்கியை அன்றே என் அத்தா கையில் கொடுங்கள், ஐயா. கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

இடம்: கம்பம்
நாள்: 14.06.2024

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) உ. பெனாசிர்