என் நீலத்தில் கை வைத்தவள்

மார்ச் 4, செவ்வாய்

மேடை உடைகளில் ஒட்டும் கல் விற்கிற கடையில் இன்றும் வாக்குவாதம். ஆகாய நீலம் கேட்டால் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் எதையோ எடுத்து நீட்டுகிறார். "அதே கம்பெனி, அதே நம்பர்மா" என்று ஒரே குழைவு. அந்தக் குழைவிலேயே தெரிகிறதே!

கருநீலத்தை நானே தட்டில் தேடி எடுத்தேன். "இதுவாம்மா? நிச்சயமா இதுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். நல்ல சரக்கை எடுத்தால் இவர்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

கடல் நடனத்துக்கான உடைகள். தோளில் வெளிர் நீலம், இடுப்பில் மயில் நீலம், பாவாடை விளிம்பில் கருநீலம். ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. டான்ஸ் மாஸ்டர் வேறு யாரையும் நம்ப மாட்டார். நான் டப்பாக்களில் நிறம் பிரித்து வைப்பேன், ஓர்ப்படி ஒட்டுவாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கு அவள் குடிவந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. நீலம் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

கருநீல டப்பா நான் நிரப்பியபடி இல்லை. தலை தட்டி வைத்திருந்தேன், குழி விழுந்திருக்கிறது. அவள் இன்னும் விளிம்பு வேலையையே தொடவில்லை!

"டப்பாவை யாராவது தொட்டாங்களா?"

"இல்லக்கா. நீங்க வச்சபடிதான் இருக்கு."

தலை நிமிரவில்லை. பசை காய்ந்துவிடுமாம். முகத்தைப் பார்த்துப் பேசாதவளை எப்படி நம்புவது?

மார்ச் 10, திங்கள்

அவள் கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம். கத்தரிக்கோல் தேடித்தான் திறந்தேன் — சரி, எனக்கே நான் பொய் சொல்வானேன், கல்லைத் தேடித்தான் திறந்தேன். உள்ளே என் கருநீலம்.

மார்ச் 11, செவ்வாய்

தலைவலி மாத்திரை வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். பின்னாலேயே போனேன். நேராகக் கல் கடை. இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசு. பொட்டலத்தைக் கொடுத்தாள், அவர் வேறொரு பொட்டலம் கொடுத்தார்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. நல்ல கல் கடைக்குத் திரும்பிப் போகிறது, மட்டமான கல் என் டப்பாவுக்கு வருகிறது. நடுவில் ஆளுக்குப் பாதி. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளா? சும்மா இரு" என்று பேப்பரைப் புரட்டினார். தம்பி பொண்டாட்டி ஆயிற்றே, விட்டுக்கொடுப்பாரா!

மார்ச் 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

டான்ஸ் மாஸ்டர் உடைகளைப் பார்க்க வந்திருந்தார். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் அவள் என் டப்பாவிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். மாஸ்டர் முன்னாலேயே கத்தினேன். திருடி என்றே சொன்னேன்.

அவள் அழவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "திருடலக்கா. நீங்க கத்தரிப்பூ கலரைக் கொண்டுவந்து நீலத்தோட கலந்து வச்சிருக்கீங்க. மாத்தி வைக்கிறேன்."

"யாருக்குடி கலர் சொல்லித்தர்ற?"

மாஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். நான் கட்டியிருப்பது பச்சையா சிவப்பா என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் மனிதர். இரண்டு கல்லையும் அவர் கையில் வைத்து, "ரெண்டும் ஒண்ணுதானே, சொல்லுங்க" என்றேன்.

பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது கத்தரிப்பூ. இது நீலம்" என்றார், மெதுவாக. "உனக்குத் தெரியலையா?"

தெரியலை. எனக்குத் தெரியலையே! சன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இவரும் சேந்துக்கிட்டாரா? மாஸ்டருமா? கடைக்காரர், இவ, எல்லாருமா? எத்தனை பேர்தான் சேர முடியும்?

மார்ச் 15, சனி

இரண்டு கண்ணிலும் புரை. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் இவ்வளவு நாளும் பார்த்திருக்கிறேன் என்றார் டாக்டர். அதில் நீலம்தான் அதிகமாக அடிபடுமாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீலமா?

மார்ச் 17, திங்கள்

மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்கிறது. கீழே வரவில்லை. பாதி உடைகள் விளிம்பில்லாமல் தொங்குகின்றன.

மத்தியானம் நானே படியேறினேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கதவைத் தட்டினேன். "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"எப்பலேந்து மாத்திக்கிட்டிருக்க?"

"போன மழைக்காலத்துலேந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். என் டப்பா மேல் கண் வைக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

வந்தாள். டப்பாக்களை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பிரித்தாள், நான் ஒட்டினேன்.

ஏப்ரல் 9, புதன்

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்தார்கள். நர்சின் கையுறை நீலம். அப்படி ஒரு நீலம்! அந்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாஸ்டரின் உடை அறைக்குப் போனேன். போன மழைக்காலத்திலிருந்து நாங்கள் செய்ததெல்லாம் அங்கே தொங்குகிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கல்கூடத் தப்பில்லை. அத்தனையும் என் பேரில் கைதட்டல் வாங்கியவை. தனியாக நின்றேன், கூசியது.

மே 6, செவ்வாய்

புது வேலை. பாடகி ஒருத்திக்கு மேடை உடை, நீலத்திலேயே. ஓர்ப்படி இங்க் நீலத்தை எடுத்து வைத்தாள். நான் அதை நகர்த்திவிட்டு ஒரு படி வெளிறியதை வைத்தேன். சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாக்கா, இதுதான் சரி."

உண்மையாகச் சொன்னாளா, என் மனசு நோகக் கூடாதென்று சொன்னாளா? புத்தி எங்கே போகும்! அவள் மாடிக்குப் போனதும் டப்பாவைத் திறந்து வலது கண்ணால் பார்த்தேன்.

நான் வைத்தபடியே இருந்தது.