இருபது கேட்டார்கள், இரண்டரை காட்டுகிறது

மார்ச் 4, செவ்வாய்
அலுவலகச் சுற்றறிக்கை வந்தது. விசாரணை ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தபடி எழுத்தாக்குவோர், தம் இணைய இணைப்பு வினாடிக்கு இருபது மெகாபிட் வேகம் உடையதெனத் திங்கட்கிழமைக்குள் உறுதியளிக்க வேண்டும். இயலாதோர் நேரில் வந்து பணியாற்ற வேண்டும். கோப்பு அனுப்புகையில் என் திரை காட்டுவது இரண்டரை.
நான் நேரில் சென்றால் தங்கையை யார் பார்ப்பது? வலிப்பு சொல்லிக்கொண்டா வருகிறது?

மார்ச் 5
புதிய ரூட்டர் வாங்கினேன். பெட்டியின் மேல் முந்நூறு என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர், "மேடம், இது பிட்டுல போட்டிருக்கான். நீங்க பாக்குற ரெண்டரை எதுல..." என்று தொடங்கினார்.
"அனைத்தையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்" என்று இடைமறித்தேன்.
"படிச்சவங்க சொன்னா சரிங்க."
படிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பதை அவரிடம் ஏன் காட்டிக்கொள்ள வேண்டும்?

மார்ச் 6
இரண்டரை.

மார்ச் 7, வெள்ளி
ரூட்டரைக் கூடத்தில் வைத்தேன். அலமாரியின் மேல் வைத்தேன். ஜன்னலோரம் வைத்தேன். இரண்டரை. கட்டிலில் படுத்திருந்த தங்கை, "அதுகிட்டயும் இலக்கணமா பேசிப் பாருக்கா, பயந்துகிட்டு ஓடும்" என்றாள். சிரிக்க இயலவில்லை.
கணினிப் பிரிவைக் கேட்கலாம். இதுகூடத் தெரியாதா என்பார்கள். பத்தாண்டுகளாக என் எழுத்தில் ஒரு பிழையும் காணாதவர்கள்.
நாளை மறுநாள் ஞாயிறு — நான் என்னதான் பண்றது? எங்க போய் முட்டிக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு
தங்கையைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டு வந்தேன். மாத்திரை நேரங்களைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.
"எத்தன நாளைக்கு?" என்றாள்.
அவள் போர்வையை மடித்தேன். மடித்ததையே பிரித்து மீண்டும் மடித்தேன்.

மார்ச் 10, திங்கள்
அலுவலகத்தில் கணினிப் பிரிவுப் பெண் வியந்தாள். "நீங்க ஏன் வந்தீங்க? வீட்ல எவ்ளோ காட்டுது?"
"இரண்டரை."
"அது பைட்டுங்க. எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு. நாங்க கேட்டது பிட்டு. எட்டால பெருக்குங்க."
பெருக்கினேன். இருபது. பழைய ரூட்டரிலேயே இருபது இருந்திருக்கிறது.
"ஒரு போன் போட்டிருக்கலாமே?"
ஆம். போட்டிருக்கலாம். பாவி, ஒரே ஒரு போன்.

மார்ச் 11
தங்கையை அழைத்துவரச் சென்றேன். இரு பெண்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள்.
"கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே."
"ஏன்? இங்கே என்ன குறை தீர்ந்தது உனக்கு?"
சீட்டுகளைக் கீழே வைத்தாள். "இங்க நான் பேசறத யாரும் திருத்தறதில்லக்கா."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 12
உறுதிமொழி அனுப்பினேன். வீட்டிலிருந்தே பணி செய்ய ஒப்புதல் வந்துவிட்டது.

மார்ச் 15, சனி
மாலையில் இல்லத்துக்குத் தொலைபேசியில் தங்கையை அழைத்தேன். "சாப்டியா?" என்றேன். "யாரு, அக்காவா?" என்றாள். பிறகு பேசத் தொடங்கினாள், ஏழு நிமிடம். கேட்டுக்கொண்டிருந்தேன்.