அக்கரையில் பேசாமல் நிற்பவள்

தோஸ்த்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட அசதியில் படுக்காமல், அலமாரியைச் சுத்தம் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் அகப்பட்டது. மூடியைத் திறந்தால் திரையில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. எதைக் காட்டுகிறது என்று குனிந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் தெரிந்த என் மூஞ்சியைத்தான் காட்டியது. "போடி, போன பிறகும் குறை சொல்றியா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா, "யார்கூடப் பேசற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் தையல் லைன், நீ செக்கிங் டேபிள். உன் கட்டை விரலில் எப்போதும் அந்த ஸ்டிக்கர் சுருள் மாட்டியிருக்கும். தைத்து வந்ததை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். நூல் விலகியிருந்தாலோ, சுருக்கம் விழுந்திருந்தாலோ, அந்த இடத்தைப் பார்த்து ஓர் அம்பு ஒட்டுவாய். அவ்வளவுதான். இன்னா தப்பு என்று எழுத மாட்டாய். அம்போடு அது தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவளே பிரித்து, அவளே தைக்க வேண்டும். செக்கர் ஊசியைத் தொடக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

நான் சேர்ந்த புதிதில் என் மிஷின் தட்டுக்கு அம்பு அம்பாகத் திரும்பி வந்தது. எனக்கா, மூக்குக்கு மேல் கோபம். சாப்பாட்டு நேரத்தில் உன் எதிரே போய் நின்று, "என்மேல உனக்கு இன்னா காண்டு?" என்று கேட்டேன். நீ ஊறுகாயை நக்கிக்கொண்டே, "உன்மேல எங்க ஒட்னேன்? ஷூமேலதானே ஒட்னேன்" என்றாய். சிரிப்பு வந்துவிட்டது. நம் சிநேகிதம் அங்கே ஆரம்பித்தது.

மறுநாளிலிருந்து காலை ரயிலில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாய். நீ ஜோலார்பேட்டையில் ஏறுவாய், நான் வாணியம்பாடியில். ஜன்னலோரம் உன் பை உட்கார்ந்திருக்கும், நான் வந்ததும் எழுந்திருக்கும். அந்த ரயிலில்தான் ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டே என் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். நான் விளையாட்டு செய்கிறவள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வேஷம் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, கதையை நாமே நடத்திக்கொண்டு போகிற வீடியோ கேம். செய்வதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. மீதியெல்லாம் என் கிறுக்கு. ஒரு ராணி, ஒரு காடு, தொலைந்துபோன தங்கை. பள்ளிக்கூடத்தில் அமிர்திக்குக் கூட்டிப் போனபோது பார்த்த அருவியைக் காட்டுக்குள் வரைந்து வைத்திருந்தேன்.

நீ ஒரு வார்த்தை பேசாமல் ஆடினாய். ஜன்னல் வழியே வெயிலும் நிழலும் மாறி மாறி உன் கைமேல் ஓடின. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர் வரப்போகிற நேரத்தில், பழக்க தோஷம், பையிலிருந்து சுருளை எடுத்துத் திரையிலேயே ஓர் அம்பை ஒட்டிவிட்டாய்! "இன்னாடி பண்ற?" என்று கத்தினேன். "பாரு, உன் ராணி மரத்துக்குள்ள பூந்து நடக்கறா" என்றாய். அம்பு சரியாக அந்த மரத்தைத்தான் காட்டியது. ஆனால் ராணி நகர்ந்ததும் காடும் நகர்ந்துவிட்டது. இப்போது அம்பு ஒரு மானைக் காட்டியது. அப்புறம் அருவியை, அப்புறம் வெறும் புல்லை. "ஐயோ, எல்லாமே தப்பாயிடுச்சே" என்றாய். ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ரயிலே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு நீ விரலால்தான் காட்டினாய்.

எனக்கு ரோஷம் ஜாஸ்தி, உனக்குத் தெரியும். நீ ஒவ்வோர் இடமாகக் காட்டக் காட்ட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடு" என்பேன். "புடிக்காமயா ரெண்டாவது வாட்டி ஆடறேன்?" என்பாய். சரி, தங்கை கிடைத்ததும் ராணி இன்னா பேசவேண்டும், நீயே சொல்லேன் என்று கெஞ்சினாலும் அசைய மாட்டாய். "நான் செக்கர். ஊசி உன்னுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். அப்போது உன்னை அறையலாம் போலிருக்கும். ஆனால் அந்த வாரமே நானே யோசித்து எழுதி எடுத்துக்கொண்டு வருவேன். நீ படித்துவிட்டு மூக்கை உறிஞ்சுவாய். ராணி தங்கையிடம் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பதாக எழுதியது உனக்குப் பிடித்திருந்தது.

என்னைப்போல வீட்டிலிருந்து கேம் செய்கிறவர்களின் இணையக் குழுவில் உன்னைச் சேர்த்துவிட்டேன். யாரோ ஒருத்தர் தன் முதல் கேமைப் போட்டதும் ஆளாளுக்குக் கலாய்த்தார்கள். நீ மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஆடினாய். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாய். "கிணத்துக்குள்ள இறங்கினதும் பாட்டு நின்னுபோச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அந்த இடத்தைத் தயவுசெஞ்சு மாத்திடாதீங்க. மேல ஏறினதும் எங்க போறதுன்னு புரியாம சுத்திச் சுத்தி வந்தேன். அந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க." அவ்வளவுதான் எழுதினாய். அந்த ஆள் கிணற்றடியைத் திருத்தி மறுபடி போட்டார். அன்றைக்கு முழுக்க நீ பாடிக்கொண்டே ஷூ பார்த்தாய் என்று உன் டேபிள்காரிகள் சொன்னார்கள்.

பிறகு உன் உடம்பு படுத்துவிட்டது. ரத்தத்தில் ஏதோ வியாதி என்றார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொழுது போகட்டும் என்று இந்த லேப்டாப்பை உன் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அதில் நீயே ஒரு கேம் செய்ய ஆரம்பிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த கேம்தான் ஓடுகிறது. கரை புரண்டு தண்ணீர் போகும் பாலாறு. நாம் பார்த்ததெல்லாம் மணல்தானே! உன் ஆற்றில் முழங்கால்வரை இறங்கி மாடுகள் நின்றன. ஒரு பெண் வாணியம்பாடி, ஆம்பூர் என்று நம் ஊர்களைத் தாண்டிக் கரையோரமாகக் கிழக்கே நடக்கிறாள். சண்டை கிடையாது, பேய் கிடையாது. சாயங்கால வெளிச்சம் மங்குவதே இல்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறார்கள். அப்புறம் ஒரு நீளமான பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஒரே ஒரு வீடு, வாசலில் துணி காயப்போடும் ஒரு பெண். தண்ணீர் சத்தத்துக்காக வார்டு குழாயைத் திறந்துவிட்டு போனில் பதிவு பண்ணினாயாம். நர்ஸ் திட்டினார்களாம்.

நான் வந்தபோது நீ கடுப்பில் இருந்தாய். "அம்மா சூப்பர்ங்கறாங்க, அண்ணன் சூப்பர்ங்கறான், டாக்டர்கூட சூப்பர்ங்கறாரு. பேஜாரா இருக்குடி. நீயும் அதையே சொல்றதா இருந்தா இப்பவே எழுந்து போய்டு."

கடைசிவரை வாயைத் திறக்காமல் ஆடினேன். உன் கை மெலிந்து கிடந்தது. சூப்பர் என்று சொல்லிவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்றுதான் இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன். பாலத்தில் நடந்துகொண்டே இருக்கிறோம், சலிக்கிறது. ஆம்பூர் பக்கத்தில் அவள் தண்ணீர்மேலேயே நடந்து போகிறாள். துணி காயப்போடுகிறவளிடம் பேசினால், அவள் பேச்சு வரவேண்டிய பெட்டி காலியாகத் திறக்கிறது, உள்ளே ஓர் எழுத்து இல்லை.

உன் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "உடம்பு முடியாத புள்ளகிட்ட வந்து இன்னா பேச்சு பேசற நீ?" என்று என் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கினார்கள். நீ சிரித்தாய். எத்தனையோ நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தாய். "விடும்மா. இவ ஒருத்திதான் நான் இதை முடிப்பேன்னு நினைக்கறா" என்றாய். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த தடவை வந்தபோது பாலத்தின் நடுவில் உட்கார ஓர் இடம் முளைத்திருந்தது. காலைத் தொங்கப்போட்டு ஆட்டலாம், கீழே தண்ணீர் ஓடும். அதற்கடுத்த தடவை ஆம்பூர் சரியாகியிருந்தது. அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. "அவ இன்னா சொல்லணும்னு இன்னும் தெரியலடி. இரு, யோசிக்கறேன்" என்றாய். ஒருநாள் நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினாய். "நான் எழுதலன்னா நீ எழுதிடாதே. அப்படியே வெளிய விட்டுடு. யாராச்சும் வந்து குறை சொல்வாங்க. அத்தனை தூரம் நடந்தவங்களுக்குத்தானே அந்தக் குறை தெரியும்?" என்றாய். நீ எழுதவில்லை. முடியவில்லை உனக்கு.

நீ சொன்னபடியே குழுவில் போட்டேன். செய்தவள் இப்போது இல்லை என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். இதயமும் பூவுமாகக் குவிந்தது. சூப்பர், அருமை, கண்ணீர் வந்தது. ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. அவர்கள் பாலம்வரைக்குமாவது போனார்களா என்றே எனக்குச் சந்தேகம். கோபம் வந்து அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக வேறோர் இடத்தில் போட்டேன். யாரும் சீந்தவில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. பொறுக்காமல் ஒருநாள் அந்தக் காலிப் பெட்டியைத் திறந்து, "வந்துட்டியா? கால் வலிக்குதா?" என்று எழுதினேன். அது என் குரலாக இருந்தது, உன் குரலாக இல்லை. அழித்துவிட்டு வெகு நேரம் அழுதேன்.

இப்போதெல்லாம் யார் கேம் கொடுத்தாலும் கடைசிவரை நடக்கிறேன். அப்புறம்தான் பேசுகிறேன். எனக்குச் சிலிர்த்த இடத்தையும் சொல்கிறேன், சலித்த இடத்தையும் சொல்கிறேன். ஊசியை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். ரோஷக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அப்போது உன்னைப்போலவே சிரிக்கப் பார்க்கிறேன், அது மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

இன்று காலை ரயிலில் விண்ணமங்கலம் தாண்டும்போது போன் அதிர்ந்தது. உன் கேமுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. "பாலத்துல உக்காந்து தண்ணி சத்தம் கேட்டுட்டே இருந்தேன், எழுந்திருக்க மனசே வரல. ஆனா அக்கரையில துணி காயப்போடறவங்க பேசவே இல்லை. திரும்பத் திரும்ப தட்டிப் பார்த்தேன், காலிப் பெட்டிதான் வருது. அவங்க இன்னா சொல்வாங்கன்னு கேக்கத்தானே இவ்ளோ தூரம் வந்தேன்? அந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க."

ஆம்பூர் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வந்து சேர்ந்துட்டாங்கடி. உன் பாலத்தைத் தாண்டி, அவ எதிர்ல நின்னு, நீ இன்னா சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க.