ஆயுத பூஜைக்கு முறுக்கிய கம்பி

ஹெப்பாள், மைசூரு

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் முரளியும் இங்கே நல்ல சுகம், உன் கிடாருக்குத்தான் சுகமில்லை கண்ணு. டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. போன ஞாயிறு வீடியோவில் கிடாரைக் காட்டுங்கப்பா என்று நீ கேட்டதும், நெட் சரியில்லை என்று வைத்துவிட்டேனே, நெட் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன், எழுத்தில் என்றால் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

ஆயுத பூஜைக்கு டிரில்லிங் மெஷின், மிக்ஸி, முரளியின் பைக் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தபோது உன் கிடாரையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. அவள் தளர்த்தி வைத்துவிட்டுப் போனால் காரணம் இருக்கும், கையை வைக்காதீங்க என்றாள் அம்மா. பெல்ட் லூசாக இருந்தால் அது மெஷினா என்று கேட்டு, ஒவ்வொரு கம்பியையும் டங்கென்று சத்தம் வரும்வரை முறுக்கி, சந்தனம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். பிறகு தளர்த்தத் தோன்றவே இல்லை. தீபாவளி கழிந்து பார்த்தால் கம்பியெல்லாம் பலகையை விட்டு எழும்பி நிற்கிறது. அழுத்திப் பார்த்த முரளி விரலை உதறிக்கொண்டே, இதில் துணி காயப்போடலாம் என்கிறான். தை மாதம் அவன் கல்யாண ரிசப்ஷனில் நீ வாசிக்கப்போகிற கிடார் இது.

உடனே என் ஃபிட்டர் புத்தி கிளம்பியது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், கழுத்து நேராகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை மேல் நிற்கும் வெள்ளை எலும்புத் துண்டுதான் உயரம் என்று முடிவு கட்டி, அதை உருவி அடியில் அரம் போட்டேன். கம்பி இறங்கியது, நானும் ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி காபி கேட்டேன். சில நாளில் மறுபடி ஏறியது, மறுபடி அரம். துண்டு பாதியாகிவிட்டது கண்ணு.

கடைசியில் முரளியைக் கூட்டிக்கொண்டு தேவராஜ மொஹல்லா போனேன். அங்கே கிடார் ரிப்பேர் பார்க்கும் உதயகுமார் பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினார், அது உள்ளே போயிற்று. இழுப்புத் தாங்காமல் பழைய பசை விட்டு, பிரிட்ஜே மரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. ஏன் ஸ்வாமி, இது கிடாரா கிரேனா, யார் இப்படி முறுக்கினது என்று கேட்டார். என் பையன்தான் என்று சொல்லிவிட்டேன். பையன் பக்கத்திலேயே நிற்கிறான். வெளியே வந்ததும், கல்யாண மாப்பிள்ளைக்கு அப்பா செய்யும் சீர் இதுதானா என்றான்.

கம்பியைத் தளர்த்தியாயிற்று. சூடு காட்டிப் பிரிட்ஜைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி கிளாம்ப் போடவேண்டுமாம். மரத்தில் சின்னத் தழும்பு விழலாம், கிடாருக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் தொடமாட்டேன் என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. முதல் சம்பளத்தில் நீ தேடிப்பிடித்து வாங்கியது, வயதில் உன்னைவிட மூத்தது, நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. பிரிட்ஜ் பழையபடி உட்கார்ந்தால், நான் தேய்த்த துண்டுக்குக் கம்பி ரொம்பத் தாழ்ந்து பலகையில் பட்டு இரையுமாம். புது எலும்பு ஒன்று கொடுத்து, ஃபிட்டர்தானே, பிரிட்ஜ் ஒட்டினபின் கொஞ்சம் தேய்த்து, கம்பி மாட்டிப் பார்த்து, அப்புறம் தேயுங்கள் என்றார். அது சாமி படத்தடியில் இருக்கிறது. அரத்தை அம்மா பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள்.

பிரிட்ஜைக் கழற்றலாமா, எலும்பை நான் தேய்க்கட்டுமா அவரே தேய்க்கட்டுமா, நீ சொல்லு. என் கை வேண்டாம் என்றாலும் கோபமில்லை, கொஞ்சம் வருத்தம் இருக்கும், அது எனக்கு வேண்டியதுதான். நீ சரி என்றால்தான் அம்மாவிடம் அரத்தைக் கேட்பேன்.

மாதேஸ்வரன் உன்னைச் சளி காய்ச்சல் அண்டாமல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. முரளி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நெட் நன்றாக இருக்கும்.

உன் அப்பா,
கருப்புசாமி