ஐந்து புள்ளி எட்டு

மார்ச் 4, திங்கள்

எங்கள் மகள் வாலு இன்றும் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு மாடி ஏறினால் வீடு. "காலு தீர்ந்துபோச்சுப்பா" என்கிறாள். கால் தீருமா? பதினோரு வயசுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்.

என் மனைவிக்கு வேறு கவலை. "தட்டுல வைக்கிறதை மிச்சம் வைக்காம சாப்பிடுறா. அதெல்லாம் எங்கதான் போகுது?" ரத்தம் பரிசோதிக்கிறவனைக் கட்டிக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைப்பு. நாளை எங்கள் ஆஸ்பத்திரி லேபிலேயே பார்த்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 5, செவ்வாய்

ஊசியைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சல் மூன்று வார்டுக்குக் கேட்டிருக்கும். நானும் நர்ஸும் அமுக்கிப் பிடித்தோம்.

எல்லாம் சரி. தசை திணறினால் ரத்தத்தில் சேருகிற லாக்டேட் மட்டும் 5.8. இரண்டைத் தாண்டக் கூடாது. ஆனால் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, பிள்ளையும் திமிறினால், லாக்டேட் ஏறத்தான் செய்யும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். 'ரத்த மாதிரி சரியில்லை' என்று போட்டு ஒதுக்கினேன். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பேன். இவளை இன்னொரு தரம் அப்படி அமுக்கிப் பிடிக்க மனசு வரவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன்: "எல்லாம் சரியா இருக்கு. வெறும் சோம்பேறித்தனம்."

ஏப்ரல் 18, வியாழன்

பழகட்டும் என்று பையையும் அவள் முதுகிலேயே மாட்டி மூன்று மாடியும் ஏறவைத்தேன். ஏறிவிட்டாள். வாசலில் வந்து வாந்தி எடுத்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மூன்று நாளாகக் காய்ச்சல். காய்ச்சல்தானே என்று மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தோம். இன்று காலை எழுப்பினால் எழவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அள்ளிக்கொண்டு ஓடினேன்.

லாக்டேட் 11. பட்டை கட்டவில்லை. திமிற அவளுக்குத் தெம்பும் இல்லை. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்துத்தான் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு தரம் ஓட்டினேன். அதே 11.

மார்ச்சிலேயே... ஐயோ, மார்ச்சிலேயே...

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தொடையில் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த முடிவு வந்துவிட்டது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சாப்பாடு செரித்துக் குளுக்கோஸாகி ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. அங்கே இரண்டாக உடைகிறது. அது செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து முழுசாக எரிந்தால்தான் உடம்புக்குச் சக்தி. இவளுக்கு அந்த மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு. பாதி உடைந்தது அப்படியே லாக்டேட்டாகித் தேங்குகிறது. தசைக்குப் பற்றாக்குறை, இப்போது இதயத்துக்கும். இவளுக்கு வந்திருக்கிற வகை தாய் வழியாக மட்டும் வருவதாம். மனைவி முகத்தை நான் பார்க்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது லாக்டேட் பார்த்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பக்கத்தில்தான் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வாலு கண் திறந்து கேட்டாள், "எனக்கு என்னப்பா?" எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் தன் பாணியில் திருப்பிச் சொன்னாள். "சாமான் வாசல் வரைக்கும் வந்து இறங்குது. உள்ள எடுத்துவைக்க ஆள் இல்ல. அப்படியா?"

அப்படித்தான் என்றேன்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் வாயில் புழு புழுக்க.

செப்டம்பர் 15, ஞாயிறு

டாக்டரைத் தனியாகப் பிடித்து, முன்னாடியே தெரிந்திருந்தால் என்று கேட்டேன். நோய் போயிருக்காதாம். "ஆனா அந்தக் காய்ச்சலை மூணு நாள் வீட்ல வச்சிருந்திருக்க மாட்டீங்க."

மனைவி கட்டில் ஓரமே கதியாகக் கிடக்கிறாள். "என் வயித்துலேர்ந்துதானே வந்துச்சு? நான்தானே கொடுத்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உன் மேல் தப்பில்லை என்கிறேன். யார் மேல் என்பதைச் சொல்லத் துணிவில்லை.

அக்டோபர் 9, புதன்

காலை ஏழு இருபது. போயிட்டா.

நவம்பர் 6, புதன்

மனைவி சாப்பிடுவதே இல்லை. கெஞ்சினால் ஒரு வாய். "நான் எதுக்குச் சாப்பிடணும்? அவ சாப்பிட்டதெல்லாம் உள்ள போகவிடாம பண்ணினவ நான்." வளையல் முழங்கை வரை ஏறுகிறது. இன்றும் நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு மனுஷனா?

நவம்பர் 20, புதன்

லேபில் ஒரு குழந்தைக்கு லாக்டேட் 4.9. கூட வேலை பார்ப்பவர் கேட்டார், "வழக்கம்போல மாதிரி சரியில்லைன்னு போட்டுடவா?"

வழக்கம். மார்ச்சில் நான் தொடங்கிவைத்த வழக்கம்.

நானே வார்டுக்குப் போனேன். பட்டை கட்டாமல், குழந்தை அழுது ஓயும்வரை அரைமணி நேரம் காத்திருந்து எடுத்தேன். 1.4. அந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரைமணி நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

மெஷினில் பழைய முடிவுகள் அழியாமல் இருக்கின்றன. மார்ச் 5-ஐத் தேடி எடுத்துத் தாளில் அச்சடித்தேன்.

நவம்பர் 21, வியாழன்

சாப்பாட்டு மேஜையில் மனைவி முன்னால் அந்தத் தாளை வைத்தேன். மகள் பெயர். தேதி. 5.8. எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய் உட்பட. "நீ கொடுத்தது உனக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் தள்ளிவிட்டேன்."

அவள் தேதியின் மேல் விரலை வைத்தாள். "அன்னைக்குச் சாயங்காலம் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க." கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவளைப் படி ஏறவச்சீங்க."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். பெட்டியை நான் தூக்கப் போனேன், விடவில்லை. மூன்று மாடியும் தானே இறக்கினாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

அவள் அக்கா போன் செய்தார். "இப்பல்லாம் மூணு வேளையும் சாப்பிடுறா தம்பி. தானே தட்டு எடுத்துவச்சுக்கிறா. உங்களைப் பத்திதான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறா."

சரிங்க என்றேன்.

சாப்பிடுகிறாள்.